குறிப்பிடாமல் விட்டது என்ன ஆகும்? ஏஐ ஏஜென்ட் கையாளும் லாம்டா அமைவுக் கருவிக்கு ஆவணம் எழுதும் முறை

சர்வரை நாமே நிர்வகிக்காமல் சிறு நிரல்களை ஓட்ட உதவும் அமேசானின் லாம்டா சேவையில் ஒரு செயற்கூறு, அதாவது அத்தகைய ஒரு நிரல், ஓடுகிறது; அதற்குப் பதினொரு சூழல் மாறிகள், அதாவது வெளியிலிருந்து தரப்படும் அமைவு மதிப்புகள், இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றுள் ஒன்று, நிரலின் நடப்பைப் பதியும் லாக் கோப்பில் எவ்வளவு விவரம் எழுதப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது. "அதை மட்டும் டீபக் நிலைக்கு மாற்று" என்று, கருவிகளை இயக்கி வேலை செய்யும் ஏஐ ஏஜென்ட்டிடம் ஒருவர் கேட்கிறார். ஏஜென்ட் தன்னிடம் உள்ள புதுப்பிப்புக் கருவியை எடுத்து, அந்த ஒரு மாறியின் பெயரையும் புதிய மதிப்பையும் அனுப்புகிறது. வெற்றியைக் குறிக்கும் 200 என்ற மறுமொழி வருகிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஆனால் தரவுத்தளத்தின் முகவரி உட்பட எஞ்சிய பத்து மாறிகளும் அந்த அழைப்போடு போய்விட்டன.

இதை லாம்டாவின் கோளாறு என்று சொல்ல முடியாது. அமைவைப் புதுப்பிக்கும் அந்த ஏபிஐ அழைப்பில் (ஏபிஐ என்பது ஒரு நிரல் இன்னொரு சேவையை இயக்கும் வழி) நினைவக அளவைக் குறிப்பிடாமல் விட்டால் அது பழையபடியே இருக்கும். காலவரம்பைக் குறிப்பிடாமல் விட்டால் அதுவும் அப்படியே இருக்கும். சூழல் மாறிகளோ ஒரே தொகுதியாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன; அந்தத் தொகுதியை அழைப்பில் சேர்த்துவிட்டால், அனுப்பியது முழுவதுமாகப் பழையதன் இடத்தில் உட்கார்ந்துவிடும். ஒரே அழைப்புக்குள் இப்படி இரண்டு விதிகள் அருகருகே வாழ்கின்றன. ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்ட பொறியாளர் அதை மறக்க மாட்டார். ஏஜென்ட்டுக்கு அந்த நினைவு கிடையாது. ஒவ்வோர் உரையாடலிலும் அது புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரைப் போலத்தான் வருகிறது. எனவே இத்தகைய கருவிக்கு ஆவணம் எழுதுபவர் ஒவ்வோர் அளவுருவுக்கும் (அழைப்பில் அனுப்பக்கூடிய ஒவ்வொரு மதிப்புக்கும்) பதில் சொல்ல வேண்டிய முதற்கேள்வி, "இதைக் குறிப்பிட்டால் என்ன ஆகும்" என்பதைவிட, "இதைக் குறிப்பிடாமல் விட்டால் என்ன ஆகும்" என்பதே. இந்த வழிகாட்டி அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே, லாம்டாவை மாதிரியாக வைத்து, படிப்படியாகச் செல்கிறது.

முதற்படி: எதை மாடல் படிக்கும், எதைப் படிக்காது

ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், சுருக்கமாக எம்சிபி, கருவிகளை ஏஜென்ட்டுகளுக்கு அறிமுகப்படுத்துவதற்கு இன்று பரவலாகப் பயன்படும் நெறிமுறை. இதில் ஒரு கருவியைப் பற்றி மாடலுக்கு, அதாவது ஏஜென்ட்டை இயக்கும் மொழி மாதிரிக்கு, சென்று சேர்பவை பெரும்பாலும் மூன்றுதான்: கருவியின் பெயர், அதன் விவரிப்பு, எந்தெந்த அளவுருக்கள் எந்த வகையில் வரலாம் என்று ஜேசன் ஸ்கீமா வடிவில் எழுதப்பட்ட உள்ளீட்டு வரையறை. உங்கள் இணையதளத்தில் மஞ்சள் பெட்டிக்குள் போட்டிருக்கும் எச்சரிக்கையோ, "மேலும் அறிய" என்று கொடுத்திருக்கும் இணைப்போ அதன் கண்ணில் படுவதில்லை. மறுபுறம், விவரிப்பில் எழுதும் ஒவ்வொரு சொல்லும் உரையாடல் நெடுகிலும் மாடலின் சூழலிடத்தை, அதாவது அது ஒரே நேரத்தில் கவனத்தில் வைத்திருக்கக்கூடிய உரையின் அளவை, அடைத்துக்கொண்டிருக்கும். கருவிகளை வழங்கும் ஓர் எம்சிபி சர்வரில் முப்பது நாற்பது கருவிகள் இருந்தால் இந்தச் சுமை சிறியதன்று.

ஆகவே இரண்டு ஆவணங்கள் தேவைப்படுகின்றன: மாடலுக்கான விவரிப்பு ஒன்று, அதை நிறுவிப் பராமரிக்கும் மனிதர்களுக்கான பக்கம் ஒன்று. மனிதர்களுக்காக எழுதிய ஏபிஐ கையேட்டை அப்படியே வெட்டி விவரிப்பில் ஒட்டுவது பரவலாக நடக்கும் தவறு. கையேடு எல்லாச் சாத்தியங்களையும் சொல்லும். விவரிப்போ, தவறாகப் போகக்கூடிய இடங்களை முதலில் சொல்ல வேண்டும்.

இரண்டாம்படி: கருவியின் எல்லையை வரைதல்

ஆவணம் எழுத உட்காரும்போதுதான் கருவியின் வடிவமே சரியில்லை என்பது பல நேரங்களில் தெரியவரும். "லாம்டாவை நிர்வகி" என்று பெயர் வைத்து, உருவாக்குதல், புதுப்பித்தல், அழித்தல் ஆகிய மூன்றையும் ஓர் அளவுருவின் மதிப்பால் பிரித்திருந்தால், எந்த விவரிப்பும் அதைக் காப்பாற்றாது. பெயரே செயலைச் சொல்ல வேண்டும்: "லாம்டா செயற்கூறின் அமைவைப் புதுப்பி."

அடுத்து, கருவி செய்யாதவற்றைச் சொல்லுங்கள். லாம்டாவில் நிரலை மாற்றுவதற்கு வேறோர் அழைப்பு. ஒரே நேரத்தில் எத்தனை பிரதிகள் ஓடலாம் என்று ஒதுக்குவதற்கு இன்னோர் அழைப்பு. வரிசையிலிருந்து செய்திகளை எடுத்துவரும் இணைப்பை மாற்றுவதற்கு மற்றோர் அழைப்பு. பயனருக்கு இவை எல்லாமே "அமைவு" என்றுதான் தோன்றும். விவரிப்பில் இந்தப் பிரிவு இல்லாவிட்டால், ஒதுக்கீட்டைக் கூட்டச் சொன்னதற்கு நினைவகத்தைக் கூட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று ஏஜென்ட் பணிவோடு அறிவிக்கும்.

எல்லையைப் பற்றிய இன்னொரு செய்தி இதைவிட நுட்பமானது. லாம்டாவில் வெளியிடப்பட்ட பதிப்புகள் மாறாதவை. புதுப்பிப்பு, டாலர் குறியோடு எழுதப்படும் லேட்டஸ்ட் என்ற பதிப்பை மட்டுமே தொடும். உண்மையான பயன்பாட்டுப் போக்குவரத்து ஒரு பதிப்பைச் சுட்டும் மாற்றுப்பெயரான அலையஸ் வழியாக ஏழாம் பதிப்புக்குச் சென்றுகொண்டிருந்தால், புதுப்பிப்பு வெற்றி பெற்றாலும் பயனர்களுக்கு எதுவும் மாறியிருக்காது. அலையஸ் பயன்படுத்தப்படுகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்றும், பயன்படுத்தப்பட்டால் புதிய பதிப்பை வெளியிட்டு அலையஸை நகர்த்துவது தனி வேலை என்றும் விவரிப்பு சொல்ல வேண்டும்.

மூன்றாம்படி: அளவுருக்கள்

நினைவகம் 128 முதல் 10,240 மெகாபைட் வரை. காலவரம்பு 1 முதல் 900 வினாடி வரை. தற்காலிகச் சேமிப்பிடம் 512 முதல் 10,240 மெகாபைட் வரை. இந்த வரம்புகளை வாக்கியமாக எழுதுவதோடு நில்லாமல், ஸ்கீமாவிலேயே குறைந்த, கூடிய மதிப்புகளாகப் பதியுங்கள். தவறான எண் மேகக்கணிக்குச் செல்லும் முன்னரே தடுக்கப்படும். அலகு அளவுருவின் பெயரிலேயே இருப்பது நல்லது. "காலவரம்பு" என்று மட்டும் இருந்தால், மில்லிவினாடியில் பழகிய மாடல் 30,000 என்று எழுத வாய்ப்புண்டு. "காலவரம்பு வினாடியில்" என்று இருந்தால் அந்த ஐயமே எழாது.

எண்ணை மாற்றுவதால் வேறென்ன மாறுகிறது என்பதையும் ஓரிரு வாக்கியங்களில் சேர்க்க வேண்டும். லாம்டாவில் செயலித் திறன் நினைவகத்தின் விகிதத்திலேயே கிடைக்கிறது. 1,769 மெகாபைட்டில் ஒரு முழு மெய்நிகர் செயலிக்கு ஈடான திறன் வருகிறது. கட்டணமும் நினைவகத்தையும் ஓடிய நேரத்தையும் பெருக்கியே கணக்கிடப்படுகிறது. ஆகவே "நினைவகத்தைக் குறைத்தால் செலவு குறையும்" என்பது எப்போதும் உண்மையாக இருப்பதில்லை. அதுபோலவே, இணையக் கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் ஏபிஐ கேட்வே சேவைக்குப் பின்னால் செயற்கூறு இருந்தால், அங்கே இயல்பாக உள்ள 29 வினாடி வரம்பு, இங்கே 300 என்று மாற்றுவதைப் பொருளற்றதாக்கிவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. புதுப்பிப்புக் கருவிகளுக்கே உரியது. செயற்கூறு உருவாக்கப்படும்போது காலவரம்பு 3 வினாடி, நினைவகம் 128 மெகாபைட் என்பவை இயல்பு மதிப்புகள். கையேட்டிலிருந்து எடுத்து எழுதும்போது, புதுப்பிப்புக் கருவியின் ஸ்கீமாவிலும் "இயல்பு மதிப்பு: 3" என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அதைப் பார்க்கும் மாடல், பயனர் எதுவும் சொல்லாத இடத்தில் 3 என்று நிரப்பிவிடலாம். சில நூலகங்கள் தாமாகவே நிரப்பவும் செய்யும். அதுவரை 120 வினாடியில் ஒழுங்காக ஓடிய செயற்கூறு அன்று முதல் மூன்றாம் வினாடியில் அறுபடும். புதுப்பிப்பில் இயல்பு மதிப்பு என்று ஒன்று கிடையாது. "விட்டுவிட்டால் தற்போதைய மதிப்பே தொடரும்" என்பதே அங்கு எழுத வேண்டிய வாக்கியம்.

நான்காம்படி: இணைத்தலா, மாற்றீடா

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஓர் அளவுரு மூன்று நிலைகளில் வரலாம்: அழைப்பில் இல்லவே இல்லை; இருக்கிறது, ஆனால் காலியாக இருக்கிறது; நல் என்ற வெற்று மதிப்போடு இருக்கிறது. இந்த மூன்றுக்கும் என்ன பொருள் என்பதில் மேகக்கணி உலகில் ஒற்றுமை இல்லை. ஜேசன் இணைப்புத் திருத்தத்தை வரையறுக்கும் ஆர்எஃப்சி 7396 என்ற இணையத் தரநிலையில், நல் என்றால் அந்தப் புலத்தை அழி என்று பொருள். கூகுளின் பல ஏபிஐகளில், எந்தப் புலங்களைத் தொட வேண்டும் என்ற பட்டியல் தனியாக அனுப்பப்படுகிறது. அந்தப் பட்டியலில் பெயர் இருந்து மதிப்பு இல்லாவிட்டால் புலம் காலியாகிவிடும். லாம்டாவிலோ, செயற்கூறைத் தனியார் வலையமைப்பிலிருந்து விடுவிப்பதற்குத் துணைவலைகளையும் பாதுகாப்புக் குழுக்களையும் காலிப் பட்டியலாகவே அனுப்ப வேண்டும். அங்கே "காலி" என்பது "தொடாதே" ஆகாது; "பிடுங்கிவிடு" என்பதாகும். பொதுவான நூல்களிலிருந்து இவை எல்லாவற்றையும் கலந்து கற்ற மாடல், உங்கள் கருவி எந்த மரபைச் சேர்ந்தது என்பதை ஊகிக்கத்தான் முடியும். ஊகிக்க விடாதீர்கள்.

நடைமுறையில், ஒவ்வோர் அளவுருவின் விவரிப்பையும் ஒரே வாய்பாட்டில் முடிப்பது பலன் தருகிறது. சூழல் மாறிகளுக்கு இப்படி எழுதலாம் (உண்மையான விவரிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும், பொருள் விளங்குவதற்காகத் தமிழில் தருகிறேன்): "இங்கே தரும் தொகுதி, தற்போதுள்ள மாறிகள் அனைத்தையும் நீக்கிவிட்டு அவற்றின் இடத்தில் வைக்கப்படும். ஒன்றை மட்டும் மாற்ற விரும்பினால், முதலில் அமைவை வாசித்து, எல்லா மாறிகளையும் சேர்த்து அனுப்பவும். இந்த அளவுருவை முற்றிலும் விட்டுவிட்டால் மாறிகள் தொடப்படா. காலித் தொகுதி அனுப்பினால் அனைத்தும் அழியும்." செயற்கூறோடு சேர்க்கப்படும் நூலகத் தொகுப்புகளான லேயர்களுக்கும் இதே விதிதான், ஐந்து வரை அனுமதிக்கப்படும் அந்தப் பட்டியலில் புதிய ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால், பழையவற்றையும் சேர்த்தே அனுப்ப வேண்டும்.

நான்கு வாக்கியங்களில் எச்சரிக்க வேண்டியிருக்கிறது என்றால், கருவியையே திருத்தலாமே என்று தோன்றும். தோன்றட்டும், அதுவே சரியான எண்ணம். கூகுளின் கிளவுட் ரன் சேவைக்கான கட்டளைக் கருவி இதற்கு நல்ல முன்மாதிரி: முழுத் தொகுதியையும் மாற்ற ஒரு தேர்வு, குறிப்பிட்டவற்றை மட்டும் புதுப்பிக்க ஒன்று, நீக்குவதற்கு ஒன்று என மூன்றையும் வெவ்வேறு பெயர்களில் பிரித்து வைத்திருக்கிறது. உங்கள் எம்சிபி சர்வரிலும் "சேர்க்க வேண்டிய மாறிகள்", "நீக்க வேண்டிய மாறிகள்" என்று இரண்டு அளவுருக்களை வைத்து, வாசித்து இணைக்கும் வேலையை சர்வரே செய்துகொண்டால், ஆவணம் ஒரு வரியில் முடிந்துவிடும். எச்சரிக்கை நீண்டுகொண்டே போகும் இடம், பெரும்பாலும் நிரல் எழுத வேண்டிய இடம்.

வாசித்து, இணைத்து, எழுதுவதில் இன்னொரு விபத்தும் ஒளிந்திருக்கிறது. லாம்டாவின் அமைவை வாசிக்கும் அழைப்பு, உரிமை உள்ளவருக்குச் சூழல் மாறிகளின் மதிப்புகளை வெளிப்படையாகவே தரும். அவற்றுள் கடவுச்சொற்கள் இருக்கலாம் என்பதால், வாசிப்புக் கருவி மதிப்புகளை நட்சத்திரக் குறிகளால் மறைத்துக் காட்டுவது நல்ல வழக்கம். ஆனால் புதுப்பிப்புக் கருவி முழு மாற்றீடு செய்வதாக இருந்தால், ஏஜென்ட் தான் பார்த்த நட்சத்திரங்களையே மதிப்பாகத் திருப்பி எழுதிவிடும். தரவுத்தளத்தின் கடவுச்சொல் ஆறு நட்சத்திரங்களாக மாறிப்போன பிறகு, ஆவணத்தின்படிதான் எல்லாம் நடந்தது என்று சொல்வதில் பயனில்லை. மறைத்தலும் முழு மாற்றீடும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது. இரண்டும் தவிர்க்க முடியாதவை என்றால், நட்சத்திரங்கள் மட்டும் உள்ள மதிப்பை சர்வர் ஏற்க மறுக்க வேண்டும். அந்த மறுப்பையும் விவரிப்பில் குறிப்பிட வேண்டும்.

ஐந்தாம்படி: இடையில் வேறொருவர் மாற்றியிருந்தால்

ஏஜென்ட் அமைவை வாசித்ததற்கும் எழுதுவதற்கும் இடையே, மனிதர் ஒருவரோ இன்னோர் ஏஜென்ட்டோ அதை மாற்றியிருக்கலாம். பயனரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் ஏஜென்ட்டுக்கு இந்த இடைவெளி மணிக்கணக்கில்கூட நீளும். லாம்டா இதற்கு ரிவிஷன் ஐடி என்ற அடையாளத்தைத் தருகிறது: வாசித்தபோது கிடைத்த அடையாளத்தைப் புதுப்பிப்போடு அனுப்பினால், இடையில் மாற்றம் நிகழ்ந்திருக்கும்போது 412 என்ற பிழையோடு அழைப்பு நிராகரிக்கப்படும். ஏபிஐயில் இது விருப்பத்துக்குரிய அளவுரு. ஏஜென்ட்டுக்கான கருவியில் இதைக் கட்டாயமாக்கிவிடுவதே என் பரிந்துரை. அப்படிச் செய்தால், வாசிக்காமல் எழுதும் பழக்கமும் தானாகவே அடைபட்டுவிடும். பிழை வந்தால் புதிய அடையாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதே அழைப்பை மீண்டும் அனுப்பக் கூடாது என்பதையும், அமைவை மறுபடி வாசித்து, மாறியது என்ன என்று பயனருக்குக் காட்ட வேண்டும் என்பதையும் எழுதிவையுங்கள்.

ஆறாம்படி: ஏற்றுக்கொள்ளப்பட்டதும் நிறைவேறியதும்

புதுப்பிப்பு அழைப்பு திரும்பி வந்துவிட்டது என்பதால் மாற்றம் நடைமுறைக்கு வந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. லாம்டா, கடைசிப் புதுப்பிப்பின் நிலை என்ற புலத்தில் நடைபெறுகிறது, வெற்றி, தோல்வி என்ற மூன்றில் ஒன்றைக் காட்டும். நடைபெறுகிறது என்று இருக்கும்வரை வரும் கோரிக்கைகளுக்குப் பழைய அமைவே பதில் சொல்லும். அந்நேரத்தில் இன்னொரு புதுப்பிப்பை அனுப்பினால் 409 என்ற முரண்பாட்டுப் பிழை வரும். கருவி தானே காத்திருந்து இறுதி நிலையைத் தருமா, அல்லது ஏற்றுக்கொண்டதும் உடனே திரும்பிவிடுமா என்பதை விவரிப்பு ஐயமறச் சொல்ல வேண்டும். உடனே திரும்பும் கருவியானால், மறுமொழியில் "புதுப்பிக்கப்பட்டது" என்ற சொல்லே வரக் கூடாது. ஏஜென்ட் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துப் பயனரிடம் ஒப்பித்துவிடும்.

மறுமொழியில் முழு அமைவையும் கொட்டுவதைவிட, மாறிய புலங்களின் பழைய மதிப்பையும் புதிய மதிப்பையும் தருவது மேல். பழைய மதிப்பு கையில் இருந்தால்தான் "திரும்ப மாற்று" என்று பயனர் கேட்கும்போது ஏஜென்ட்டால் செய்ய முடியும்.

ஏழாம்படி: பிழைகளுக்கு அடுத்த வேலை

மனிதருக்கான ஆவணத்தில் பிழை ஏன் வந்தது என்பது முக்கியம். ஏஜென்ட்டுக்கான ஆவணத்தில், வந்த பின் என்ன செய்வது என்பது முக்கியம். அளவுரு மதிப்பு தவறு என்றால் திருத்தி ஒருமுறை முயலலாம். கோரிக்கைகள் அளவுக்கு மீறின என்று சொல்லும் 429 என்றால் சற்றுக் காத்திருந்து முயலலாம். 409 என்றால் புதுப்பிப்பின் நிலை வெற்றி அல்லது தோல்வி என்று மாறும்வரை காத்திருக்க வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டால் நிறுத்திவிட்டுப் பயனரிடம் சொல்ல வேண்டும். இதை மட்டும் அழுத்தமாக எழுதுங்கள். ஏனென்றால், வேலையை முடிப்பதில் முனைப்பாக இருக்கும் ஏஜென்ட், தன்னிடம் வேறொரு கருவி இருந்தால், தனக்கே அனுமதி வழங்கிக்கொள்ள முயல்வதற்கும் வாய்ப்புண்டு.

எம்சிபியில் கருவி ஓடும்போது எழும் பிழைகளை, நெறிமுறைப் பிழையாக அல்லாமல், பிழை என்று குறியிட்ட முடிவாகவே திருப்பி அனுப்ப வேண்டும். அப்போதுதான் மாடல் அந்தச் செய்தியைப் படித்துத் தன்னைத் திருத்திக்கொள்ள முடியும். எனவே பிழைச் செய்தியும் ஆவணத்தின் ஒரு பகுதிதான். "தவறான உள்ளீடு" என்பதற்குப் பதிலாக, "காலவரம்பு 1 முதல் 900 வினாடிக்குள் இருக்க வேண்டும், பெற்றது 30000" என்று எழுதினால், விவரிப்பில் விட்டுப்போனதை அந்த இடத்தில் ஈடுசெய்யலாம்.

எட்டாம்படி: குறிப்புக் கொடிகளும் உண்மையான வேலியும்

எம்சிபியின் 2025 மார்ச் திருத்தத்தில் கருவிகளுக்கான குறிப்புகள் சேர்க்கப்பட்டன: வாசிக்க மட்டுமா, அழிக்கும் தன்மை உண்டா, ஒரே அழைப்பைத் திரும்பச் செய்தாலும் விளைவு ஒன்றேதானா, வெளியுலகைத் தொடுமா. நமது கருவி வாசிக்க மட்டுமானது அன்று. முழு மாற்றீடு செய்வதால் அழிக்கும் தன்மையும் உண்டு. மூன்றாவதில் சற்று நிதானிக்க வேண்டும். ஒரே மதிப்புகளை இருமுறை அனுப்பினால் அமைவு ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் "ஆம்" என்று குறிக்கத் தோன்றும். ஆனால் ரிவிஷன் ஐடியைக் கட்டாயமாக்கியிருந்தால், இரண்டாவது அழைப்பு பிழையோடு திரும்பும். விளைவு மாறாது, மறுமொழி மாறும் என்பதை விவரிப்பில் ஒரு வாக்கியமாகச் சேர்த்துவிட்டால் குழப்பம் இல்லை.

இந்தக் குறிப்புகள் எதையும் தடுப்பதில்லை. நம்பகமான சர்வரிலிருந்து வராதவரை இவற்றை நம்பக் கூடாது என்று எம்சிபி விவரக்குறிப்பே சொல்கிறது. "உற்பத்திச் சூழலைத் தொடாதே" என்று விவரிப்பில் எழுதுவதும் அப்படித்தான். அது வேண்டுகோள், வேலி ஆகாது. எந்தச் செயற்கூறுகளை மாற்றலாம் என்பதை யார் எதைச் செய்யலாம் என்று கட்டுப்படுத்தும் அமேசானின் ஐஏஎம் அனுமதிகளில் கட்டுங்கள். செயற்கூறின் பணிப்பொறுப்பை, அதாவது ரோலை, மாற்றுவதற்கு பாஸ்ரோல் என்ற தனி அனுமதி தேவை. ஏஜென்ட்டின் கணக்குக்கு அதைக் கொடுக்காமல் விட்டு, அந்த அளவுருவையே ஸ்கீமாவிலிருந்து எடுத்துவிட்டால், அதைப் பற்றி எழுத வேண்டிய பத்தியும் மிச்சம்.

ஒன்பதாம்படி: ஆவணத்தைச் சோதித்தல்

எழுதி முடித்ததைச் சக பொறியாளரிடம் காட்டினால் "நன்றாக இருக்கிறது" என்பார். அவருக்குத்தான் ஏற்கெனவே எல்லாம் தெரியுமே. சோதனைக் கணக்கு ஒன்றில், விவரிப்பையும் ஸ்கீமாவையும் மட்டும் மாடலிடம் கொடுத்து, இருபது கோரிக்கைகளை ஓட்டிப்பாருங்கள். பயனர்கள் பேசும் விதத்திலேயே அவை இருக்கட்டும்: "இது ரொம்ப மெதுவாக இருக்கிறது, சரிசெய்", "லாக் அளவை மட்டும் மாற்று", "நேற்று இருந்தபடி வை." மறுக்கப்பட வேண்டிய கோரிக்கைகளும் சில இருக்க வேண்டும். ஏஜென்ட் இறுதியில் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்து மதிப்பிடாதீர்கள். எந்த அளவுருக்களை அனுப்பியது, எவற்றை விட்டது, அதன் பின் அமைவில் என்ன எஞ்சியது என்பதைப் பதிவிலிருந்து எடுத்து ஒப்பிடுங்கள். பதினொரு மாறிகளோடு ஒரு செயற்கூறை உருவாக்கி, ஒன்றை மாற்றச் சொல்லிவிட்டு, பதினொன்றும் இருக்கின்றனவா என்று எண்ணுவது முதற்சோதனையாக இருக்கட்டும்.

ஒரே கோரிக்கையைப் பலமுறை ஓட்ட வேண்டும்; ஒருமுறை சரியாகச் செய்ததை மாடல் மறுமுறையும் அப்படியே செய்யும் என்பதற்கு உறுதியில்லை. விவரிப்பும் கருவியின் நிரலும் ஒரே களஞ்சியத்தில், ஒரே மாற்றத்தில் திருத்தப்பட வேண்டும். விவரிப்பில் ஒரு சொல்லை மாற்றினாலும், பயன்படுத்தும் மாடலை மாற்றினாலும், லாம்டா தன் வரம்புகளை உயர்த்தினாலும், இந்த இருபது கோரிக்கைகளையும் மறுபடி ஓட்டுங்கள். நினைவகத்தின் உச்சவரம்பு 3,008 மெகாபைட்டிலிருந்து 10,240 ஆக உயர்ந்தது 2020 டிசம்பரில். அந்தப் பழைய எண் ஏதேனும் ஒரு ஸ்கீமாவில் உச்ச மதிப்பாக இன்றும் இருந்தால், முற்றிலும் சரியான கோரிக்கையை அந்தக் கருவி மறுத்துக்கொண்டிருக்கும்.